கிழக்கு மூலை

மூன்று ஆண்டுகளாக நகரசபைக்குப் புகார் எழுதியவள் நான்.
ஆஸ்பத்திரியில் இரவுப் பணி.
பகல் பத்துக்குப் படுத்தால்
மூன்று மணி எனக்கு நடுச்சாமம்.
சரியாக அப்போது பள்ளி விடும்.
டக்.
சறுக்குப் பலகையின் சக்கரம்
கான்கிரீட் பிளவைத் தாண்டுகிற சத்தம்.
ஒன்பது பிளவுகள். ஒரு சுற்றுக்கு ஒன்பது டக்.
எண்ணியிருக்கிறேன்,
ஆடு எண்ணுவதற்குப் பதில்.

மலைக்கும் டாஸ்மன் கடலுக்கும் இடையில்
ஒற்றைத் தெருவாக நீண்டு கிடக்கும் ஊர்.
நிலக்கரிச் சுரங்கம் மூடிய வருடம்
ஆறுதல் பரிசுபோல் கிடைத்த திடல் அது.
இங்கே மழைக்கு ஓய்வு தெரியாது.
சிறுதுளிதான் கான்கிரீட்டைப் பிளந்தது.
குழிவின் அடியில் தண்ணீர் தேங்கி
ஒரு ஜோடி வாத்து குடியேறியிருந்தது.

சொட்டச் சொட்ட நனைந்து வந்து
மிஹி கதவைத் தட்டினாள். வயது பன்னிரண்டு.
"சத்தம்னு லெட்டர் போடறது நீங்கதானே?
சத்தம் எங்களோடது இல்ல, பிளவோடது.
அடைக்கணும்னா காசு வேணும்.
கணக்கு எழுத ஆள் வேணும்."
தூக்கக் கலக்கத்தில் சரி என்றுவிட்டேன்.

நாங்கள் ஒரு டாலர் சேர்த்தால்
தானும் ஒரு டாலர் தருவதாகச் சொன்னது நகரசபை.
சனிக்கிழமைதோறும் இரும்புக்கடை வாசலில்
ரொட்டிக்குள் சாசேஜ், வெங்காயம் கூடுதலாக.
குலுக்கலில் ஒரு டிரெய்லர் விறகு.
விழுந்தது விறகு வியாபாரிக்கே;
மறுபடி குலுக்கினோம், மறுபடி அவருக்கே.
சுரங்கத்தில் முப்பது வருடம் இருந்த லாக்லன் பாஸ்கோ
நூறு டாலர் சேர்ந்தால்
சரிவில் ஒருமுறை இறங்குவதாகப் பந்தயம் கட்டினார்.
இறங்கினார்.
வசூல் இருநூற்று நாற்பது.
மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு போட்டதும் நான்தான்,
அன்றிரவே, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

பால்மாவு டின்னைக் கவிழ்த்தால்
ஆஸ்திரேலியக் காசு, சட்டைப் பொத்தான்,
ஒருநாள் ஒரு பால்பல்.
பல் தேவதை தரவேண்டிய தொகையை
எங்களே வசூலித்துக்கொள்ளச் சொல்லி
கோணல் எழுத்தில் ஒரு சீட்டு.
நோட்டில் எழுதினேன்:
வரவு, பல் ஒன்று.

மலை தாண்டி கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வந்த ஒப்பந்தக்காரர்
பூட்ஸால் தட்டித் தட்டிப் பார்த்து
ஒரு தொகை சொன்னார்.
டின்னும் நகரசபையும் சேர்ந்து
அதற்கு நாலாயிரம் குறைவு.

ரக்பி கிளப்பில் கூட்டம். கூரையில் மழை.
கிழக்கு மூலையின் ஒன்பதாவது பிளவா,
விளக்குக் கம்பமா, ஒன்றுதான் முடியும்.
ஜூன் மாதம் ஐந்து மணிக்கே இருட்டு.
ரேவியின் மகன் ஓடையில் விழுந்தது அந்த இருட்டில்தான்.
கிழக்கு மூலை என் ஜன்னலுக்குப் பக்கம்;
அது எல்லாருக்கும் தெரியும்.
யாரும் என்னைப் பார்க்கவில்லை,
அவ்வளவு கவனமாக.
பத்துக்குப் பத்து.
மிஹி ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்,
ஏற்கெனவே கட்டிய நாடாவை.

விளக்குக்கு என்று கை தூக்கினேன்.

வாத்துகள் எங்கே போயின என்று தெரியவில்லை.
புதுக் கான்கிரீட் ஈரத்தில் மீன்முதுகுபோல் மின்னுகிறது.
சக்கரங்கள் இப்போது
துணி கிழிபடுவதுபோல் நீளமாக ஓடி,
திரும்பி, ஏறி, இறங்கி,
கிழக்கு மூலையில்
டக்.

மெல்லியது மிஹி. கனமானது ரேவியின் மகன்.
மாவுக்கட்டு பிரித்ததிலிருந்து
மூன்றாவதாக ஒன்று கேட்கிறது;
யாரென்று எழுந்து பார்க்கவில்லை.

விளக்கு வெளிச்சமும்
திரைச்சீலை இடுக்கு வழியே
தலையணை வரை வருகிறது.
அதற்கும் ஒரு கடிதம் எழுதலாம்தான்.
பேனா கணக்கு நோட்டுக்குள் இருக்கிறது,
கடைசிப் பக்கத்தில்:
கையிருப்பு ஏழு டாலர் இருபது சென்ட்,
பல் ஒன்று.